பென்ச்சில் இருக்கும் கணினிகளைப் பற்றி ஐ.டி. நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐ.டி. நிறுவனங்களின் சமூகப் பொறுப்புக் குழுவினருக்கும், கணினிப் பாதுகாப்புக் குழுவினருக்கும், அந்த இரண்டு குழுக்களும் நீட்டுகிற கோப்பில் கையெழுத்துப் போடும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

பல வருடங்களாக சிஸ்டம் அட்மின் வேலை, அதாவது அலுவலகக் கணினிகளை நிறுவிப் பராமரிக்கும் வேலை, பார்ப்பவன் நான். உங்களிடம் கேட்க வந்தது இதுதான். அலுவலகக் கணினிகள் சும்மா இருக்கும் நேரத்தை மருத்துவ ஆராய்ச்சிக்குக் கொடுக்க விரும்பும் ஊழியர்களுக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுங்கள். எந்தக் கணினி, எத்தனை மணி நேரம், எந்த ஆராய்ச்சி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு ஆகும் கரன்ட் செலவு நிறுவனத்துடையது என்று ஒப்புக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் நிற்காது.

விஷயம் புதிதல்ல. 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 'செட்டி அட் ஹோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞைகளை அலசுவதற்கு வீடுகளில் இருக்கும் கணினிகளைக் கடன் கேட்டார்கள், லட்சக்கணக்கானவர்கள் கொடுத்தார்கள். வேற்றுக்கிரகவாசி யாரும் சிக்கவில்லை. ஆனால் அந்த முயற்சியிலிருந்து 'பாயிங்க்' என்ற பொது மென்பொருள் பிறந்தது. இன்று இந்த வகைத் திட்டங்களில் பெரும்பாலானவை அதன்மேல்தான் ஓடுகின்றன. 2004 நவம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் 'வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்' என்ற தளத்தை ஆரம்பித்தது. லாப நோக்கமில்லாத, மனிதகுலத்துக்கு உதவும் ஆராய்ச்சிகளுக்கு மட்டுமே இடம் என்பது அதன் விதி. வரும் முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களும், நிறுவனங்கள், கல்லூரிகள் என்று 400க்கும் மேற்பட்ட அமைப்புகளும் அதில் கணினி நேரம் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அமைப்பும் தன் பெயரில் ஓர் அணி வைத்துக்கொள்ளலாம். 2021-இல் ஐ.பி.எம். அந்தத் தளத்தைக் கனடாவின் டொராண்டோவில் உள்ள க்ரெம்பில் ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கோப்பில் கையெழுத்துப் போடுபவருக்குத் தன் கட்டடத்தில் என்ன ஓடப்போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வைரஸின் புரதத்தில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பள்ளத்தில் ஏதாவது ஒரு மூலக்கூறு கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டால் புரதம் தன் வேலையைச் செய்ய முடியாது, வைரஸும் பெருகாது. எந்த மூலக்கூறு? பட்டியலில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திருப்பி, சாய்த்து, மடக்கி, அந்தப் பள்ளத்தில் எப்படியெல்லாம் உட்காரும் என்று பார்த்து, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று மதிப்பெண் போட வேண்டும். இதை ஆய்வகத்தில் குடுவையும் குழாயுமாகச் செய்தால் பணமும் பத்தாது, ஆயுளும் பத்தாது. அதனால் முதல் சுற்றைக் கணினியில் நடத்திப் பெரும்பாலானவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சும் கொஞ்சத்தை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கழித்துக்கட்டும் வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கணினி என்று பிரித்துக் கொடுக்கலாம். துண்டுக்குப் பெயர் 'வொர்க் யூனிட்'. ஒன்று முடிய சில மணி நேரம் ஆகும். பாயிங்க்கின் ஜன்னலைத் திறந்தால், இந்தத் துண்டு 37 சதவீதம் முடிந்திருக்கிறது, மீதிக்கு இத்தனை மணி நேரம், இந்தத் தேதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும் என்று வரிசையாக இருக்கும். யாராவது வந்து மவுஸைத் தொட்டால் நின்றுவிடும்படி அமைக்கலாம். அவர் எழுந்து போன சில நிமிடத்தில், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். ஒரே துண்டை வேறு வேறு வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, விடை ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பதும் உண்டு. எவனோ ஒருவன் கேம் ஆடுவதற்காகப் பிராசஸரை எல்லை மீறி விரட்டி வைத்திருப்பான், அவன் கணினி தப்பான விடை தரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிச் செய்து என்ன கிடைத்தது? 2003-இல், வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் வருவதற்கு முன்பே, இதே முறையில் பெரியம்மை வைரஸுக்கு எதிராக 44 மூலக்கூறுகளை மூன்று மாதத்துக்குள் அடையாளம் கண்டார்கள். ஐ.பி.எம்.முக்கு இந்த யோசனையில் நம்பிக்கை வரக் காரணமே அதுதான். ஜப்பானின் சிபா புற்றுநோய் மையம் குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்காக முப்பது லட்சம் மூலக்கூறுகளை அலசி, ஏழு நல்ல மூலக்கூறுகளை 2014-இல் அறிவித்தது. சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகம் நுண்ணிய கார்பன் குழாய்களுக்குள் தண்ணீர் எப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்து 2015-இல் வெளியிட்டது. நாளைக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்க அது உதவலாம். டென்மார்க்கிலோ டெக்சாஸிலோ யாருக்கோ வரும் நோய்கள் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. டெங்கு இருந்தது, மலேரியா இருந்தது. காசநோய்க் கிருமியைச் சுற்றியிருக்கும் மெழுகு போன்ற உறை ஏன் மருந்தை உள்ளே விட மறுக்கிறது என்பதை நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் 2016-இல் இதே தளத்தில் ஆராயத் தொடங்கியது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். நோயாளி சானடோரியத்தில் படுத்துக் கிடக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கு நிரூபித்த ஆய்வு 1956-இல் தொடங்கி நடந்தது நம் சென்னையில்தான். அந்த ஊரில் இவ்வளவு கணினிகளை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள்.

மிகைப்படுத்தவும் விருப்பமில்லை. அந்த ஏழு மூலக்கூறுகளில் எதையும் நீங்கள் மருந்துக் கடையில் வாங்க முடியாது. கணினியில் தேறுவது முதல் படி. அதற்குப் பிறகு எலி, மனிதர்கள், உரிமம் என்று வருடக்கணக்கில் படிகள் இருக்கின்றன, பெரும்பாலானவை நடுவிலேயே விழுந்துவிடும். அதோடு, 2004-இல் அரிய வேலையாக இருந்த சில கணக்குகள் இன்று தேவையே இல்லை. ஒரு புரதம் எந்த வடிவத்தில் மடங்கும் என்று கண்டுபிடிக்கத்தான் அந்தத் தளத்தின் முதல் திட்டமே ஓடியது. செயற்கை நுண்ணறிவு வந்து அந்த வேலையைப் பெருமளவு எடுத்துக்கொண்டுவிட்டது. 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பாதியை அதற்காகக் கொடுத்தாகிவிட்டது. புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக மறு பாதியைப் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகத்துடையதுதான் 'ரொசெட்டா அட் ஹோம்' என்ற, தன்னார்வலர்களின் கணினிகளில் ஓடும் திட்டம். ஆகவே 'ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி இது எதற்கு' என்று கேட்பவருக்கு என் பதில்: எல்லாத் திட்டத்துக்கும் இல்லை, சிலவற்றுக்குத் தேவைதான். புரதம் எப்படி அசைகிறது, எந்த மருந்து எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும், ஆப்பிரிக்காவில் ஒரு கிலோமீட்டர் சதுரத்துக்குள் எங்கே மழை பெய்யும் போன்றவற்றுக்குக் கணினி நேரம் இன்னும் வேண்டியிருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்களிடம் வேலை பார்க்கும் உயிரித்தொழில்நுட்பப் பட்டதாரிகளிடம் கேளுங்கள். பி.டெக். பயோடெக் படித்துவிட்டு ஜாவா எழுதிக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு மாடியிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் அந்தப் பாடத்தைப் பற்றி யாராவது கேட்டு வருடங்கள் ஆகியிருக்கும்.

சரி, பாதுகாப்புக் குழுவினரே, இப்போது உங்களிடம் வருகிறேன். 'முடியாது' என்று நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கணினியின் பிராசஸர் 100 சதவீதம் ஓடுகிறது, வெளியே ஏதோ சர்வருக்கு எதையோ அனுப்புகிறது என்று லாகில் பார்த்தால் நானும் முதலில் கிரிப்டோ நாணயம் தோண்டும் மைனர் நிரலை யாரோ சொருகிவிட்டார்கள் என்றுதான் நினைப்பேன். அனுமதி கேட்காமல் நல்ல காரியம் செய்யப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஓர் அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியின் கணினிகளில் இதுபோன்ற ஒரு மென்பொருளை நிறுவிய அட்மின் மீது கிரிமினல் வழக்கே போட்டார்கள். 2002-இல் சமரசமாகி, ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர், 80 மணி நேர சமூக சேவை என்று முடிந்தது. குற்றச்சாட்டில் 'கணினித் திருட்டு' என்றுகூட எழுதினார்கள், அவர் செய்ததோ அனுமதி வாங்காதது, அவ்வளவுதான். நம் ஊரில் வழக்கு வரை போகாது, ஆனால் ஹெச்.ஆரிலிருந்து மெமோ வரும். ஆர்வமுள்ள பிள்ளைகள் அதை வாங்குவதற்கு முன்பு நீங்களே வழி சொல்லிவிடுங்கள் என்பதற்காகத்தான் எழுத்து மூல அனுமதி என்று முதல் பத்தியிலேயே கேட்டேன்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் பயப்பட ரொம்ப ஒன்றும் இல்லை. பாயிங்க்கின் மூலநிரல் திறந்தே இருக்கிறது, உங்கள் ஆட்களே படித்துப் பார்க்கலாம். திட்டங்கள் அனுப்பும் நிரல்களில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கும். கையொப்பம் ஒத்துப்போகாவிட்டால் ஓடாது. விண்டோஸில் 'சர்வீஸ்' ஆக நிறுவினால் அதிகாரம் குறைந்த ஒரு தனிக் கணக்கில்தான் ஓடும் (ஆனால் அப்படி நிறுவினால் கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த முடியாது, அது ஒரு குறை). வெளியிலிருந்து உள்ளே வர ஃபயர்வாலில் எந்தக் கதவையும் திறக்க வேண்டாம். கணினிதான் வெளியே போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

நான் கவலைப்படுவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கணினியின் பெயரும், பிராசஸர் மாடலும், ஓ.எஸ். பதிப்பும் திட்டத்தின் சர்வருக்குப் போகும். கிளையன்ட் பெயரையும் ப்ராஜெக்ட் பெயரையும் ஒட்டவைத்துக் கணினிக்குப் பெயர் சூட்டும் பழக்கம் உங்களிடம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். இது இல்லாவிட்டாலும் நிறுத்த வேண்டிய பழக்கம்தான். இரண்டாவது, ஓ.டி.சி.க்குள், அதாவது ஒரு கிளையன்டின் வேலைக்கென்றே ஒதுக்கிய தனிப் பகுதிக்குள், இருக்கும் கணினிகள். அவை கிளையன்டின் சொத்தாக இருக்கலாம், ஒப்பந்தத்தில் ஆயிரம் நிபந்தனை இருக்கும். அந்தக் கதவுக்கு உள்ளே இந்தப் பேச்சே வேண்டாம். லேப்டாப்களையும் விட்டுவிடுங்கள். சூடாகி, ஃபேன் கத்தி, பேட்டரி உப்பி, கடைசியில் அந்த டிக்கெட் என் மேசைக்குத்தான் வரும்.

அப்படியென்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. ராத்திரி ரிக்ரெஷன் டெஸ்ட் (புது மாற்றத்தால் பழையது எதுவும் கெட்டுவிட்டதா என்று பார்க்கும் சோதனை) ஓட்டுவதற்காக எரியவிட்டிருக்கும் டெஸ்ட் லேப் கணினிகள் ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு விடியும்வரை சும்மா நிற்கின்றன. எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாக மாற்றும் பில்டு சர்வர்கள் சனி, ஞாயிறுகளில் ஈ ஓட்டுகின்றன. மென்பொருள் திருத்தங்கள் போடுவதற்காக அணைக்காமல் வைத்திருக்கும் கணினிகள் தனி. ட்ரெயினிங் ஹாலுக்குள் ஒரு பயிற்சிக் குழு முடிந்து அடுத்த குழு வராத வாரத்தில் போய்ப் பாருங்கள். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும், நாற்பது திரையிலும் ஒரே லாகின் படம், கடைசியாக உட்கார்ந்த பையனின் டீ கப் மூலையில். ப்ராஜெக்ட் இல்லாத ஊழியரைப் பென்ச்சில் வைத்தால் அவருக்கு ஏதாவது கோர்ஸாவது கொடுத்து உட்கார வைக்கிறீர்கள். இந்தக் கணினிகள் வருடக்கணக்காகப் பென்ச்சில் இருக்கின்றன.

இங்கேதான் கரன்ட் விஷயத்தை ஒளிக்காமல் பேச வேண்டியிருக்கிறது. 'சும்மா கிடப்பதைத்தானே கொடுக்கிறோம், செலவே இல்லை' என்று இந்தத் திட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இன்னும் சொல்கிறார்கள். இருபது வருடத்துக்கு முன்பு அதில் ஓரளவு உண்மை இருந்தது. அன்றைய கணினிகள் சும்மா இருக்கும்போதும் நன்றாகவே கரன்ட் குடித்தன. இன்றைய பிராசஸர் வேலை இல்லையென்றால் தன்னைத்தானே தூங்கவைத்துக்கொள்கிறது. அதை எழுப்பிக் கணக்குப் போடச் சொன்னால் மீட்டர் ஓடத்தான் செய்யும். எப்படியும் எரியப்போகும் ஒரு டெஸ்க்டாப் கூடுதலாக 60 வாட் எடுக்கிறது, ராத்திரிக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு 250 ராத்திரி என்று வைத்தால் 150 யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்றால் 1,500 ரூபாய். நாற்பது கணினிக்கு அறுபதாயிரம், அதன்மேல் அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. செலவு கொஞ்சம். ஈ.சி.ஆர். ரிசார்ட்டுக்கு ஒரு டீம் அவுட்டிங் போனால் இதைவிட அதிகமாகும். இருந்தாலும் செலவு செலவுதான், அது நிறுவனத்தின் பணம், ஊழியர் தன் பாக்கெட்டிலிருந்து கொடுப்பதுபோல் பாவனை செய்யக் கூடாது. ராத்திரி அணைத்து வைக்கக்கூடிய கணினியை இதற்கென்று எரியவிடுவதும் வேண்டாம், அணையுங்கள். இன்னொன்று: கரன்ட் போய்க் கட்டடம் டீசல் ஜெனரேட்டரில் ஓடும்போது இது நின்றாக வேண்டும். பாயிங்க்குக்கு லேப்டாப்பின் பேட்டரி தெரியும், கட்டடத்தின் ஜெனரேட்டர் தெரியாது. யூ.பி.எஸ். மென்பொருளிலிருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினால் போதும்.

சமூகப் பொறுப்புக் குழுவினர் இந்த இடத்தில், அந்த அறுபதாயிரத்தை சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் காட்டலாமா என்று யோசித்திருப்பீர்கள். காட்ட முடியாது. கம்பெனிச் சட்டம் 2013-இன் 135ஆம் பிரிவு சமூகப் பொறுப்புக்கென்று லாபத்திலிருந்து ஒதுக்கச் சொல்லும் இரண்டு சதவீதம் உண்மையில் செலவழித்த பணமாக இருக்க வேண்டும், பொருளாகக் கொடுத்ததற்கு விலை போட்டுக் காட்டக் கூடாது என்று கம்பெனி விவகாரத் துறை அமைச்சகம் 2021-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இந்தியாவுக்கு வெளியே செய்யும் காரியமும் பொதுவாக அதில் சேராது. ஆகவே டொராண்டோவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்ததற்கு இங்கே வரவு கிடைக்காது. எனக்கு இதில் ஒரு நிம்மதிகூட உண்டு. கணக்கில் காட்ட முடியாத காரியத்தில்தான் ஆடிட்டருக்காகப் படம் பிடிக்கும் வேலை இருக்காது, பேனர் இருக்காது, ஒரே மரக்கன்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் இருக்காது.

அணி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நிறுவனத்தின் பெயரில் அணி இருப்பது நல்லதுதான். ஓடிய நேரத்துக்குப் புள்ளி கிடைக்கும், பேட்ஜ் கிடைக்கும், அடுத்த கட்டடத்து நிறுவனத்தை முந்திவிட்டோமா என்று பார்க்கும் ஆசை வரும். ஆனால் உங்களை எனக்குத் தெரியும். ஆறு மாதத்தில் யாராவது ஒரு டெலிவரி மேனேஜர் இதை டாஷ்போர்டில் ஏற்றி, ஒவ்வொரு டீமுக்கும் டார்கெட் வைத்து, அப்ரைசலில் 'சமூகப் பங்களிப்பு' என்று ஒரு வரி சேர்த்துவிடுவார். அப்புறம் பிள்ளைகள் புள்ளிக்காக அனுமதி இல்லாத சர்வரில் எல்லாம் நிறுவ ஆரம்பிப்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சேர விருப்பமில்லாதவரிடம் ஏன் என்று கேட்கவும் கேட்காதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் கட்டிப்போடவும் வேண்டாம். டொராண்டோவுக்கு இடம் மாறிய 2022-இல் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டில் சில மாதங்கள் வேலையே வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது, புரதங்களின் அசைவை இதே முறையில் ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்துக்கு நேர்மாறான பிரச்சினை. சுமார் முப்பதாயிரம் கணினிகளாக இருந்தது பத்து லட்சத்தைத் தாண்டிப் போய், எல்லாருக்கும் கொடுக்க வொர்க் யூனிட் இல்லாமல் அவர்களின் சர்வர்கள் திணறின. அந்த நாட்களில் அந்தக் கணினிகள் எல்லாம் சேர்ந்து செய்த கணக்கின் வேகம் அன்று உலகில் இருந்த எந்த ஒரு சூப்பர் கம்ப்யூட்டரையும்விட அதிகம். ஒரு திட்டத்தில் வேலை வராதபோது இன்னொன்றுக்குத் தானே மாறும்படி பாயிங்க்கில் அமைக்கலாம். ஃபோல்டிங் அட் ஹோம் தனி மென்பொருள், கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிகளுக்கு அது பொருத்தம்.

நான் கேட்பது மூன்று மாத வெள்ளோட்டம். ஒரே ஒரு டெஸ்ட் லேபையோ ட்ரெயினிங் ஹாலையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் அனுமதிக் கடிதம், அதில் கணினிகளின் பட்டியல், ஓடும் நேரம், பிராசஸரில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது என்ற வரம்பு, பொறுப்பாளர் யார் என்ற விவரம், இவ்வளவு இருந்தால் போதும். அந்த ஹாலுக்கு மட்டும் ஒரு சப்-மீட்டர் மாட்டுங்கள். ஓடுவதற்கு முந்தைய மாதமும் ஓடும் மூன்று மாதங்களும் ரீடிங் எடுத்து, முடிவில் உங்கள் ஊழியர்கள் எல்லாருக்கும் தெரியும்படி போடுங்கள். செலவு தாங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், ஒருவரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். தாங்குகிறது என்றால் அடுத்த ஹாலுக்குப் போகலாம்.

பொறுப்பாளரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. உங்கள் சிஸ்டம் அட்மின் அறைக் கதவைத் தட்டிக் கேளுங்கள். கடிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலமே நிறுவிக் கொடுக்க ஒருவராவது உள்ளே இருப்பார்.

இப்படிக்கு,
அப்படி ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சிஸ்டம் அட்மின்